குடத்தில் வெட்டிய பெயர்கள்

மகனே,

நீ சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த தந்தி வந்தது. கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி நகரத் தொடங்கும்போது, "என்னம்மா, எல்லா அம்மாவும் மகனை அனுப்பறப்ப நாலு புத்தி சொல்லுவாங்க, நீ ஒண்ணுமே சொல்லலியே" என்று கேட்டாய். நான் முறுக்கு டின்னை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினேன். உன் அப்பா, "உங்க அம்மா ஒரு வார்த்தை பேசணும்னா முதல்ல நூறு பக்கம் படிக்கணும்டா" என்றார். இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் நின்றபோது, உன்னிடம் சொல்ல வேண்டியது புத்திமதி இல்லை, வேறு ஒன்று என்று தெரிந்தது. உன்னைப் பார்த்து நான் வியந்த ஒரு காலைப் பொழுதைப் பற்றி உன்னிடம் இதுவரை பேசியதே இல்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து வியந்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல எந்தத் தாய்க்கும் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகம்.

இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பிரிக்பீல்ட்ஸில் இருந்தவரை கோயிலில், பாசாரில், குழாயடியில் என்று பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் ஏன் அப்படிப் பண்ணான்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பதில் சொல்லி நழுவினேன். இப்போது எல்லோருக்கும் சேர்த்து ஒரே முறை சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். உன் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். படித்துப் பார்த்து, "என்னைக் கொஞ்சம் உயரமா எழுதியிருக்கலாம்" என்றார். உன் அப்பா வேலை பார்த்த ஆபீஸின் பெயரையோ நம் பெயர்களையோ எழுதவில்லை. ஒரு பெயரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே என்பதால், அதை எழுதாமல் மறைப்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

நம் குவாட்டர்ஸின் பின்வேலி உனக்கு நினைவிருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நம் குழாய். அந்தப் பக்கம், பழைய செங்கல் சூளைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில், ரோடு போடுகிறவர்களும் குப்பை வண்டிக்காரர்களும் குடியிருந்த லயம். ஊருக்குத் தண்ணீரும் விளக்கும் தருகிற அதே ஆபீஸின் ஆட்கள்தான் அவர்களும். உன் அப்பா அங்கே பேனா பிடிக்கும் பெரிய கிராணி, அவர்கள் மண்வெட்டி பிடிப்பவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களுக்கு ஒரு கிணறு இருந்தது. ஆறு பெருகினால் கிணறும் ஆறும் ஒன்றாகிவிடும். வெள்ளம் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் அந்தத் தண்ணீர் செம்மண் நிறத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் லயத்தில் பேதி வரும். அஞ்சலையின் தங்கை அப்படித்தான் போனாள். அஞ்சலை உன் வயதுக்காரி, குப்பை வண்டி ஓட்டுபவரின் மகள். அந்தக் குழந்தையை அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு நம் வேலியோரம் நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் தனியாக நின்றாள்.

நான் என்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தேன். உன் அப்பா ஆபீஸ் போன பிறகு குழாயில் ரப்பர் டியூபைச் சொருகி வேலிக்கு மேலே போடுவேன். பெண்கள் மண்ணெண்ணெய் டின்களில் பிடித்துக்கொண்டு போவார்கள். "தண்ணி அக்கா" என்று எனக்கு அங்கே பெயர். அது எனக்குப் பிடித்திருந்தது. சோறு போடும்போது ஒருநாள் உன்னிடம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். "நல்ல காரியந்தாம்மா. ஆனா நீ நாளைக்கு ஊருக்குப் போயிட்டா அவங்களுக்குத் தண்ணி கிடையாது. உனக்கு உடம்பு சரியில்லன்னாலும் கிடையாது. உன் மனசு நல்லாயிருந்தாத்தான் அவங்களுக்குத் தாகம் தீரணுமா? கள்ளுக்கடை மட்டும் லயத்து வாசலுக்கே வந்துருச்சு, பைப்பு இந்த வேலியைத் தாண்டல." நீ கோபமாகப் பேசவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு தப்பைச் சுட்டுவதுபோலச் சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினாய். அரசாங்கம் எதற்காக இருக்கிறது என்று எத்தனையோ பெரியவர்கள் எழுதியதைப் படித்தவள் நான். எல்லாம் என் சமையலறையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், இவ்வளவு சுலபமாக விளங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் முதலில் மனுக்கள்தான் போட்டீர்கள். வாசகசாலையில் உட்கார்ந்து நீ எழுதுவாய், லயத்தில் எல்லோரும் கட்டைவிரல் வைப்பார்கள், ஆபீஸிலிருந்து பதில் வரும். 'விஷயம் கவனத்தில் இருக்கிறது.' மறுபடி எழுதுவாய். மறுபடி கவனத்தில் இருக்கும். ஒருநாள் அந்தப் பதிலை அப்பாவிடம் காட்டி, "இது நீங்க டைப் அடிச்சதா?" என்று கேட்டாய். "எழுத்து நேரா இருக்கா? அப்ப நான்தான்" என்றார் அவர். "உங்க மகன் போட்ட மனுன்னு தெரியுமா?" "மனுவுலதான் உன் கோழிக்கிறுக்கல் இருக்கே." உன் அப்பாவுக்கு அந்த உத்தியோகம்தான் எல்லாம். ரப்பர் தோட்டங்களில் கித்தா விலை விழுந்து ஊர் பாதி காலியானபோது, அந்தச் சம்பளத்தில்தான் நாம் ஊருக்குத் திரும்பக் கப்பலேறாமல் தப்பினோம். நான் இருவருக்கும் நடுவில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு மாலை, நம் வீட்டுப் பின்கட்டில் நீங்கள் கூடினீர்கள். நான் உள்ளே தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசினீர்கள். எல்லாம் கேட்டது. ரோடு வேலை செய்யும் சிங்காரம், "ஒரு டின்னு தண்ணிய துரை தலையில ஊத்திட்டு வரேன், அப்புறம் பைப்பு தானா வரும்" என்றான். "பைப்பு வராது, மாத்தாதான் வருவான்" என்றாய் நீ. மாத்தா என்றால் போலீஸ் என்று சிங்கப்பூரிலும் புரியும். ஐந்தாறு பேர் சேர்ந்து நின்றாலே கூட்டம் என்று பிடித்துப் போகிற காலம். யாரோ சத்தம் போடலாம் என்றார்கள். யாரோ வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்றார்கள். அப்போதுதான் அஞ்சலை பேசினாள்.

"துரை சீமையிலேர்ந்து வந்தப்ப ஆபீஸ் வாசல்ல நிறைகுடம் வெச்சீங்கள்ல, மாவிலையெல்லாம் சொருகி? அதே மாதிரி வைப்போம். தண்ணி மட்டும் எங்க கிணத்துத் தண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "வெச்சுட்டா யாரு எடுப்பா? ஆபீஸ்ல இருக்கிற கிராணி, பியூன் எல்லாம் நம்மாளுங்க. பூவும் பொட்டும் வெச்ச குடத்தை எவனாச்சும் காலால தள்ளுவானா?" என்று கேட்டாள். சிரிப்பு நின்றது. சிங்காரம், "கூட்டமா நின்னாத்தானே பிடிப்பான்? குடத்தை வெச்சுட்டு ஆளுக்கு ஒரு மரத்தடியில போய் உக்காந்துக்குவோம். தனித்தனியா" என்றான். வாயே திறக்கக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது, யாராவது திட்டினால் கும்பிட வேண்டும் என்று நீ சேர்த்தாய். மாவு கரைத்த கை அப்படியே நிற்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வயது வந்தவர்கள் இத்தனை வருஷம் கண்டுபிடிக்காததை நீங்கள் தோசை மாவு கரைக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

முதல் நாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. உன் அப்பாதான் இரவுச் சாப்பாட்டில் சொன்னார். நீ எதிரே இருந்தாய், உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். காலையில் படியின் இரண்டு பக்கமும் பித்தளைக் குடங்கள். நடுவில் ஒருவர் நடக்க வழி. ஒவ்வொன்றிலும் மாவிலை, தேங்காய், குங்குமம். லயத்துப் பெண்கள் கப்பலில் கொண்டுவந்த கல்யாணக் குடங்கள் அவை. தினம் தண்ணீர் பிடிப்பது டின்னில்தான். குடம் விசேஷத்துக்கு மட்டும். முதலில் வந்த பியூன் குப்புசாமி செருப்பைக் கழற்றினாராம். பின்னால் வந்த கிராணிகள் அவரைப் பார்த்து பூட்ஸைக் கழற்றினார்களாம். "ஆபீஸ் முழுக்க வெறுங்காலா, சாக்ஸோட நடக்குது. கோயில் மாதிரி" என்றார் அப்பா. துரை காரிலிருந்து இறங்கிப் பார்த்தார். குடங்கள், வெறுங்கால் கிராணிகள், மரத்துக்கு மரம் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் இளம்பிள்ளைகள். தன்னைக் கௌரவிக்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். மரங்களைப் பார்த்துத் தலைகூட ஆட்டினாராம். அப்புறம் குனிந்து ஒரு தேங்காயை நகர்த்திப் பார்த்து, "ஏன் தண்ணீர் இந்த நிறத்தில் இருக்கிறது?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று நான் கேட்டேன். நீயும் அப்போதுதான் தலை நிமிர்ந்தாய்.

"என்ன சொல்றது? வரவேற்புதான் சார், அவங்க குடிக்கிற தண்ணியும் இதுதான் சார்னு சொன்னேன். ரெண்டும் உண்மைதானே." அப்பளத்தை நொறுக்கினார். "முகம் சிவந்து போச்சு மனுஷனுக்கு. உடனே எடுன்னாரு. குப்புசாமி எடுக்க மாட்டேன்னு நிக்கறான். அப்புறம் நான்தான், சார், வரவேற்பு முடிஞ்சா குடத்தை உள்ளேதான் கொண்டு போகணும், வாசல்ல கொட்டினா ஆகாதுன்னு சொன்னேன். அதுவும் உண்மைதான். சரி எங்கயாச்சும் கொண்டு போங்கன்னுட்டாரு. இப்ப என் மேசையில ரெண்டு, டைப்ரைட்டர் பக்கத்துல ஒண்ணு, துரை ரூமுல நாலு. மத்தியானம் வெயில் ஏற ஏற ஒரு வாடை வந்துது பாரு." அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் விளக்கேற்றப் போனேன். மூலையில் என் குடம் இல்லை. லயத்துக் குடங்கள் எல்லாம் ஆபீஸுக்குள் போய்விட்டதால், இரண்டாம் நாளுக்கு வீடு வீடாகக் குடம் தேடியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்கவே இல்லை. என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது அது. எல்லோரையும் போலத் தன் பெயரை வெட்டாமல், கழுத்துக்குக் கீழே என் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெட்டச் சொல்லியிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது சொல்ல வெட்கமில்லை. கோயிலைத் தவிர எங்கும் தனியாகப் போகாதவள், அப்பாவின் சாப்பாட்டுக் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். சாப்பாடு ஒரு சாக்கு. உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வருவதற்குத்தான் புறப்பட்டேன். உனக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

ஆபீஸ் ரோடு திருப்பத்தில் ரிக்‌ஷாக்காரர் தானாகவே நின்றுவிட்டார். நான் இறங்கினேன். அங்சானா மரங்கள் பூத்திருந்த நாள் அது. ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் கொட்டிவிடும் மரங்கள். ரோடு முழுக்க மஞ்சள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர். ஒரு மரத்தில் சிங்காரம். அடுத்ததில் வாசகசாலையின் தையல்காரப் பையன். அதற்கடுத்ததில் அஞ்சலை, முழங்காலைக் கட்டிக்கொண்டு. எனக்குப் பெயர் தெரியாத பெண்கள், ரயில்வே பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள். ரோடு வளைந்து கண்ணுக்கு மறையும்வரை மரத்துக்கு ஒருவர். பேச்சு இல்லை, வெற்றிலை இல்லை, பீடி இல்லை. எல்லோரும் ஒரே பக்கம், அந்தப் படிகளையே, பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ மூன்றாவது மரத்தடியில் இருந்தாய். தலையிலும் தோளிலும் பூ கொட்டியிருந்தது, நீ தட்டிவிடவில்லை. வீட்டில் சட்டையில் ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் பத்து தரம் உதறுகிற பிள்ளை நீ.

நான் கோயில்களில் நின்றிருக்கிறேன். தேரோட்டம் பார்த்திருக்கிறேன். கடலில் பத்து நாள் வந்திருக்கிறேன். அன்று அந்த ரோட்டில் வந்த சிலிர்ப்பு வேறெங்கும் வந்ததில்லை. யாரையும் அடிக்காமல், யாரையும் திட்டாமல், 'எங்களுக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள், அது உங்கள் வேலை' என்பதை இத்தனை சத்தமாக ஒரு ஊர் சொல்ல முடியுமா? அதுவும் வாயைத் திறக்காமல்? இவனையா நான் கையைப் பிடித்து இழுக்க வந்தேன் என்று தோன்றியது. உன்னை ஏறிட்டுப் பார்க்கவே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நான் பெற்ற பிள்ளைதான். ஆனால் நான் வளர்த்ததில் இது எதுவும் இல்லை. இதை நீயே எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறாய்.

அப்போது போலீஸ் வண்டி வந்தது. தூறலும் வந்தது. வராந்தாவில் நின்ற குப்புசாமி என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "ஐயாவுக்குச் சாப்பாடா அம்மா? நனையாதீங்க, மேல வாங்க" என்று என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து எல்லாம் கண் முன்னால் நடந்தது. மலாய்க்கார மாத்தா ஒருவர் படியருகே போய்க் குனிந்து பார்த்து, "சாமி தண்ணியா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் பின்வாங்கினார். இன்ஸ்பெக்டர் துரைக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒரு குடத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தைக் கண்டார். "இது என்ன?" என்றார். பெயர் என்று யாரோ சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அத்தனை யோசித்த நீங்கள் இதை யோசிக்கவில்லை. நம் வீடுகளில் ஒரு பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விடமாட்டோம், அது நம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. ஆளுக்கொரு பெயரை நீங்களே கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் வைத்திருக்கிறீர்கள். பெயர் கிடைத்தால் அந்த வீட்டுக்காரனுக்கு வேலை போகும், லயத்தைக் காலி செய்ய வேண்டும். தண்ணீர் கேட்டவர்களுக்குக் கூரையும் இருக்காது. அஞ்சலைக்கு அது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. மரத்தடியில் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே இருந்த குடங்களையும் வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ் எழுத்தைப் படிக்க உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது. முதல் குடத்தை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, "மீனாட்சி" என்று படித்தார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு, எங்கே அவள் என்றார். குப்புசாமி தொண்டையைக் கனைத்தார். "எங்க மாமியாருங்க சார். நாகப்பட்டணத்துல போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு." அடுத்த குடம். "கும்பகோணம் சின்னப்பொண்ணு." யாருக்கும் தெரியவில்லை. யாருடைய அத்தையோ. அடுத்தது, "காவேரி, மகளுக்குச் சீர்." காவேரி இறந்துவிட்டாள், மகளும் இறந்துவிட்டாள், பேத்தி வீட்டுக் குடம். நாம் வெட்டுவது வைத்திருப்பவர் பெயரை இல்லையே, கொடுத்தவர் பெயரைத்தானே. அப்பா ஒரே குரலில், ஆபீஸில் மனுக்களைப் படிக்கிற அதே குரலில், படித்துக்கொண்டே போனார். தஞ்சாவூர் ஜில்லாவில் மண்ணுக்குள் போன பெண்களெல்லாம் வரிசையாகக் கோலாலம்பூரில் ஆஜரானார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருத்தியையும் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். கிராணிகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், தோள்கள் குலுங்கின.

பிறகு உன் அப்பா என் குடத்தை எடுத்தார்.

தெரியாமல் இருக்குமா? கல்யாணமான நாளிலிருந்து அதில் தண்ணீர் குடிப்பவர். கையில் எடுத்ததுமே நின்றுவிட்டார். அங்கே நின்ற துரைமார் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. நாகம்மாள் என்றோ பாப்பாத்தி என்றோ செத்துப்போன எவள் பெயரையாவது சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. உத்தியோகம் தப்பியிருக்கும். அவர் தலையைத் தூக்கி, மரத்தடியில் இருந்த உன்னைப் பார்த்தார். நீ எழுந்து நின்றாய். அவர் குனிந்து என் பெயரைப் படித்தார். என் ஊரையும் படித்தார்.

உன் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'இந்தா', 'இங்க பாரு', ஆள் இருந்தால் ஒரு கனைப்பு. நம் ஜனங்களில் யார் கூப்பிட்டார்கள்? அவர் வாயிலிருந்து என் பெயர் வந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன், அதுவும் ஒரு கவர்மெண்ட் ஆபீஸில், போலீஸ் எழுதிக்கொள்வதற்காக.

"இவளும் செத்துவிட்டாளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை, இருக்கேன்" என்றேன். நான் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன், கையில் கேரியரோடு. "அது என் குடம். நான்தான் கொடுத்தேன்." என்னிடம் கேட்காமல் நீ எடுத்த பொருளை நான் கொடுத்ததாக அந்த நொடியில் ஆகிவிட்டது, அது பொய்யில்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு துரைமார்களுக்கு மொழிபெயர்த்தார். "உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார். என் மனைவி."

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. அஞ்சலை மழையில் நடந்து வந்தாள். ஒரு குடத்தைத் தொட்டு, "இது எங்க அம்மா குடம். நான் அஞ்சலை. நான்தான் வெச்சேன்" என்றாள். சிங்காரம் வந்தான். "இது எங்க அத்தை குடம். நான் சிங்காரம்." தையல்காரப் பையன். ரயில்வே பிள்ளைகள். ஒவ்வொரு மரத்தடியிலிருந்தும் ஒவ்வொருவராக எழுந்து வந்து, தன் குடத்துக்குப் பக்கத்தில் நின்று, தன் பெயரைச் சொன்னார்கள். யாரும் அவசரப்படவில்லை. இதைச் செய்யும்படி யாரும் முன்பே பேசி வைக்கவில்லை என்று நீ பிறகு சொன்னாய். கடைசியாக நீ வந்து என் பக்கத்தில் நின்றாய், தலையில் மஞ்சள் பூவோடு. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜன்னலில் நின்ற துரையைப் பார்த்தார்.

துரை வெளியே வந்தார். முந்தின நாள் வைத்த குடம் ஒன்றின் தேங்காயை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தார். மண் அடியில் படிந்திருந்தது. விரலை விட்டு எடுத்து, கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையையும் பார்த்தார். "குடங்களை எடுத்துக்கொண்டு போகச் சொல். நான் கவனிக்கிறேன்" என்றார். இத்தனை மாதமும் டைப் அடித்து வந்த அதே பதில். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். "எப்போது, சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாய், மிகவும் மரியாதையாக. அவர் உன்னைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார். அடுத்த மழைக்கு முன்னால் என்றார்.

நீ தமிழில் சொன்னதும் அஞ்சலை யோசித்தாள். "அப்ப குடமெல்லாம் இங்கயே இருக்கட்டும். குழாய் வந்ததும் வந்து எடுத்துக்கறோம்." உன் அப்பா சிரிக்காமல் மொழிபெயர்த்தார். "உங்கள் பொறுப்பில் விட்டுப் போகிறார்கள், சார்."

என் மகன் ஏன் அப்படிச் செய்தான் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். இனி நடந்தது ஊருக்கே தெரியும். நீ வேலைக்குப் போட்ட மனுக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. குழாய் வந்த பிறகு அப்பாவைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள், சம்பள உயர்வும் நின்றது. இன்னொரு பக்கம், யாருக்கும் வேலை போகவில்லை, லயத்தில் ஒரு வீடுகூடக் காலியாகவில்லை. அத்தனை மாதமும் ஆபீஸ் அந்தக் குடங்களுக்கு நடுவில்தான் நடந்தது. மழைக்கு முன்னால் நம் பின்வேலியைப் பிரித்துக் குழாயைக் கொண்டுபோனார்கள். பள்ளம் வெட்டியவர்களில் சிங்காரமும் ஒருவன், அதற்குக் கூலியும் வாங்கினான். முதல் தண்ணீர் வந்த அன்று பெண்கள் தங்கள் குடத்தை வாங்கிவர ஆபீஸுக்குப் போனார்கள். லயத்துக்குத் திரும்பி அஞ்சலை பிடித்த முதல் குடத்தை, தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்ற வேலியோரத்தில், ஒரு செடிக்கு ஊற்றினாள். என் குடத்தை உன் அப்பா கொண்டுவந்தார், கோட்டும் டையுமாக, தோளில் வைத்து, பிரிக்பீல்ட்ஸ் தெரு முழுக்க நடந்து. வேலிக்கு மேலே டியூப் போட இனி யாருக்கும் தேவை இல்லை. 'தண்ணி அக்கா' என்று என்னைக் கூப்பிடவும் ஆளில்லை. அன்று அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

புத்திமதி கேட்டாய். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். சிங்கப்பூரிலும் ஒரு வேலி இருக்கும், இந்தப் பக்கம் குழாய் இருக்கும். நீ எந்தப் பக்கம் குடியிருந்தாலும் வேலியைப் பார்க்க மறக்காதே. கேட்க வேண்டியதைக் கேட்கும்போது மரியாதையை விடாதே. 'எப்போது' என்று கேட்கவும் மறக்காதே. அச்சகத்தில் வேலை என்கிறாய், கண்ணைப் பார்த்துக்கொள். அஞ்சலைக்குக் கடிதம் எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் சந்தோஷம்தான், நேரம் வரும்போது நீயே சொல்.

நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம். கிள்ளான் வீடு சின்னது, சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். நேற்று மாலை நான் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காப்பி வேண்டும் என்று உன் அப்பா முன்னறையிலிருந்து கூப்பிட்டார். கனைக்கவில்லை, 'இந்தா' என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் பேச்சு சட்டென்று நின்றது. நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். கூப்பிட்டார்.

உன் அம்மா